கழற்றி மாட்டும் இறக்கை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எட்டுக் கிராம் எடையுள்ள ஆகாய விமானம் ஆடிக் காற்றில் பறக்காது என்பதை மட்டும் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலில் என் தமக்கை வீட்டு மொட்டை மாடியிலிருந்து கிளம்பிய அந்த விமானம், நேராகப் பக்கத்து வீட்டுக் கொடியில் உலர்ந்து கொண்டிருந்த ஒரு பாவாடைக்குள் புகுந்து, அங்கேயே தன் யாத்திரையை முடித்துக் கொண்டது.

அதைச் செய்தவன் என் தமக்கையின் மகன். எட்டாம் வகுப்பு. அது அவனுடைய இரண்டாவது விமானம். முதல் விமானத்தின் கதை இன்னும் பரிதாபமானது. தாம்பரத்தில் மாணவர் கண்காட்சி ஒன்றுக்கு அதைக் கொண்டு போனான். இரண்டடி நீள இறக்கை. உடலோடு அழுத்தமாய்ப் பசை போட்டு ஒட்டியது. சிங்கப்பெருமாள் கோவிலில் காலை வண்டி ஏறியிருப்பவர்களுக்கு மேலே நான் சொல்ல வேண்டியதில்லை. மறைமலை நகரில் ஒரு கூட்டம், பொத்தேரியில் ஒரு கூட்டம், கூடுவாஞ்சேரியில் கேட்கவே வேண்டாம். தாம்பரத்தில் இறங்கும்போது பையன் கையில் இருந்தது விமானம் அல்ல, சுள்ளி. அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

அவனுடைய தகப்பனார், எங்கள் அத்தான், ஒரகடம் பக்கத்தில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். இரவு ஷிப்ட் வாரங்களில் அவர் வீட்டுக்கு வரும்போது பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் கொண்டிருப்பான். பையன் திரும்பும்போது அவர் கிளம்பிக் கொண்டிருப்பார். மகன் இரண்டு மாதமாய் உட்கார்ந்து செய்த விமானத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது அந்த மஞ்சள் பையில்தான்.

"பறந்து பார்க்கவே இல்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னாராம். பையனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிருந்தது. பாவாடையில் மாட்டிய இரண்டாவது விமானம் அதன் விளைவு.

நான் போய்ச் சேர்ந்தது அந்த நிலையில். ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. செங்கற்பட்டுக்கு முன்னால் பரனூர், பரனூருக்கு முன்னால் சிங்கப்பெருமாள் கோவில். சிறு குன்றைக் குடைந்த குகைக் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். இந்தப் பெருமாளுக்கு நெற்றிக் கண் உண்டு. அர்ச்சகர் திருமண்காப்பைச் சற்றே தூக்கி, ஆரத்தி வெளிச்சத்தில் அதைக் காட்டுவார். கோவிலில் விளக்கேற்றும் நேரத்துக்கே ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று அந்தச் சாலையில் செய்யாத வண்டி இல்லை. வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்றே ஒரு பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே பெரிய விமானத்தின் பாகங்களைச் செய்வது பெரியவர்கள் பாடு. நமக்கு எட்டுக் கிராம் விமானமே போதும்.

பையனிடம் நான் சொன்ன முதல் யோசனை, வெளியே விடாதே என்பது. கூரைக்குக் கீழே, காற்றே இல்லாத இடத்தில் பறப்பதற்கென்றே உலகத்தில் ஒரு ஜாதி விமானம் இருக்கிறது. இரண்டாவது யோசனை, இறக்கையை ஒட்டாதே. கழற்றி மாட்டும்படி செய் என்பது.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இறக்கை கழன்றால் விமானம் விழுந்து விடாதா, மாமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கிளைடர் என்கிற இயந்திரமில்லா விமானத்தில் மனிதரே உட்கார்ந்து பறக்கிறார்கள். பறந்து முடிந்ததும் இறக்கைகளைக் கழற்றி, ஒரு நீண்ட பெட்டி வண்டியில் அடுக்கி, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கழற்ற முடிகிற இறக்கை, கழன்று விழுகிற இறக்கை அல்ல. நம் சின்ன விமானத்துக்கோ அதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒட்டிய இறக்கை சுவரில் மோதினால் முறியும். மாட்டிய இறக்கை மோதினால் பிடியிலிருந்து விலகிக்கொள்ளும். விலகியதை மறுபடி மாட்டலாம். முறிந்ததை என்ன செய்வது?

ரப்பரை முறுக்கி விமானம் விடுகிற வித்தை நேற்று வந்ததல்ல. 1871-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி, பாரிஸ் நகரத்துத் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் ஒரு பொம்மை விமானத்தை விட்டுக் காட்டினார். முறுக்கிய ரப்பர் விசிறியைச் சுழற்ற, அது 11 வினாடி பறந்தது. சுமார் 40 மீட்டர் தூரம். நடுங்காமல், தலைகுப்புற விழாமல் பறந்ததுதான் அதில் விசேஷம். வாலில் ஒரு சிறு இறக்கையை வைத்து அதைச் சாதித்திருந்தார். அவர் செய்த மாதிரி ரப்பர் பொம்மை ஒன்றை 1878-ல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்து கொடுத்தார். அந்தப் பிள்ளைகளின் பெயர் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். அவர்கள் பிற்பாடு என்ன செய்தார்கள் என்பது தெரிந்த கதை. பெனோ அதைப் பார்க்க இருக்கவில்லை. 1880-ல், முப்பது வயதில் காலமாகிவிட்டார்.

"பதினோரு வினாடிதானா?" என்றான் என் மருமகன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இனி இந்தப் பதினோரு வினாடி இந்த வீட்டில் யாரையும் தூங்க விடாது என்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளையோ பெண்ணோ இருக்கலாம். ஆகவே நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். உடலுக்கு ஒரு அடி நீளமுள்ள பால்ஸா மரக் குச்சி. பால்ஸா தென்னமெரிக்காவில் வளரும் மரம். எடை, அதே அளவு தண்ணீரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். மாதிரி விமானச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிறோமே, அந்த நெட்டி அதைவிட இலேசு. ஆனால் வளைந்து கொடுத்துவிடும், முதுகெலும்புக்கு ஆகாது. விசிறியின் இரண்டு இதழ்களையும் ஒரு பிளாஸ்டிக் தயிர்க் கிண்ணத்தின் பக்கத்திலிருந்து சற்றே சாய்வாக வெட்டினோம்; கிண்ணத்தின் வளைவே இதழின் வளைவாகிவிடுகிறது. அச்சுக்கு ஒரு குண்டூசி, உராயாமலிருக்க ஒரு பாசிமணி. ரப்பர் வளையத்துக்கு விளக்கெண்ணெய் ஒரு சொட்டு தடவினால் இன்னும் அதிக முறுக்குத் தாங்கும். தேங்காயெண்ணெய் டப்பாவைத் தேடிக்கொண்டு வந்த என் தமக்கையைத் திருப்பி அனுப்பினோம்.

இறக்கைக்கு மெல்லிய பால்ஸாச் சட்டம். மேலே போர்த்த, புதுச் செருப்புப் பெட்டியில் சுற்றி வைக்கிறார்களே, அந்த மெல்லிய காகிதம். அந்த வாரத்தில் அவர்கள் தெருவில் யார் வீட்டிலும் செருப்புப் பெட்டிக்குள் காகிதம் மிஞ்சவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இறக்கையின் நடு விலாவில், அடிப்பக்கத்தில், முன்னும் பின்னுமாக இரண்டு கால்கள். ஊதுவத்தியின் மூங்கில் குச்சியே கால். அதே குச்சியின் மேல் காகிதத்தைப் பசை தடவிச் சுற்றி, காய்ந்ததும் உருவினால் ஒரு சிறு குழாய் கிடைக்கும். அப்படி இரண்டு குழாய்களை ஒரு சின்னப் பட்டைக் குச்சியில் நிறுத்தி ஒட்ட வேண்டும். அந்தப் பட்டைக்கு நாங்கள் வைத்த பெயர் சேணம். சேணத்தை விமானத்தின் உடல் மேல் வைத்து ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால், முன்னே பின்னே நகர்த்தலாம். இறக்கையின் காலைக் குழாயில் செருகினால் விமானம். உருவினால் ஒரு சேலைப் பெட்டிக்குள் அடங்கும் சாமான். முன்கால் பின்காலைவிட மூன்று மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும். இறக்கை முகத்தைச் சற்றே தூக்கிக் காற்றை வாங்க வேண்டுமல்லவா?

ஒரே உடலுக்கு மூன்று இறக்கை செய்வதென்று தீர்மானித்தோம். பெரியது, நடுத்தரம், சிறியது. பறக்கிற வேகம் இறக்கையின் பரப்பைப் பொறுத்தது. எடை மாறாமல் பரப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்தால், வேகம் இரண்டு மடங்கானால்தான் விமானம் மேலே நிற்கும். புத்தகத்தில் இது ஒரு வரி. மூன்று இறக்கையை மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கிற பையனுக்கு இது கண்ணெதிரே நடக்கிற சங்கதி.

நடுத்தர இறக்கை குழாயில் கச்சிதமாகப் பொருந்தியது. பெரிய இறக்கை பொருந்தவில்லை. கால்களுக்கிடையே எட்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது, மூன்று மில்லிமீட்டர் கூடிவிட்டது. அழுத்திச் செருகினான், குழாய் கிழிந்தது. சிறிய இறக்கையில் இடைவெளி குறைந்துவிட்டது. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்தான் அன்று பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து காபி குடித்துக் கொண்டிருந்தார். கிழிந்த குழாயை எடுத்துப் பார்த்தார்.

"ஸ்கேல் வைத்து அளந்தாயா?"

"அளந்தேன் அப்பா. மூன்று தடவை அளந்தேன்."

"அதுதான் தப்பு. எங்கள் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் உருப்படி போகிறது. ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்தா துளை போடுகிறோம்? ஜிக்கில் வைத்துத்தான் போடுவோம்."

எழுந்து போய், பழைய கட்டில் சட்டத்திலிருந்து ஒரு மரத்துண்டைக் கொண்டு வந்தார். ஊதுவத்திக் குச்சி நுழையும் அளவுக்கு அதில் இரண்டு துளை. நடுவில் ஒரு கோடு, இறக்கையின் நடு விலா உட்கார. அவ்வளவுதான் ஜிக். இனி எந்த இறக்கையானாலும் கால்களை இந்தத் துளைகளில் நிறுத்தித்தான் ஒட்ட வேண்டும். எந்தச் சேணமானாலும் குழாய்களை இதே துளைகளில் நிறுத்திய குச்சிகளின் மேல் கோத்துத்தான் ஒட்ட வேண்டும். ஒரு அங்குலம் என்றால் என்னவென்று தெரியாதவன்கூட இதைக்கொண்டு நூறு இறக்கை செய்யலாம், நூறும் பொருந்தும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1908-ல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில், மூன்று காடிலாக் கார்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். எல்லாப் பாகங்களையும் ஒன்றாய்க் கலந்து குவித்தார்கள். குவியலிலிருந்து மறுபடி மூன்று கார்களைப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒன்றும் பழுதாகவில்லை. அந்தக் காலத்தில் ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்குப் பொருந்துவதே அதிசயம். அராவித் தேய்த்துத்தான் சேர்ப்பார்கள். அந்தச் சாதனைக்காகக் காடிலாக்குக்கு டூவார் கோப்பை கொடுத்தார்கள். ஒரகடம் சாலையில் இன்று ஓடுகிற தொழில் முழுவதும் அந்த மரத்துண்டின் இரண்டு துளைக்குள் அடக்கம். அத்தான் இதையெல்லாம் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, குளித்து, ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பறக்க விட இடம்? ஆடி மாதத்தில் கலியாண மண்டபத்தைப் போல் வெறிச்சோடிக் கிடக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது? எங்களுக்குத் தெரிந்த மண்டபத்தின் மானேஜர் தாராளமாக இடம் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: மின்விசிறி போடக் கூடாது. நாங்கள் அவரைக் கேட்டுக் கொள்ளவிருந்ததே அதுதான்.

முதலில் நடுத்தர இறக்கை. கையை விட்டதும் விமானம் மூக்கைத் தூக்கிக் கொண்டு ஏறியது, பாதியில் நின்றது, தொப்பென்று விழுந்தது. சேணத்தை அரை சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினோம். இப்போது நேராகத் தரையைப் பார்த்துப் பாய்ந்தது. கொஞ்சம் முன்னுக்கு. மூன்றாம் முறை, அப்பாடா! இடது பக்கமாக வளைந்து, மணமேடையைப் பிரதட்சிணம் செய்து இறங்கியது. ஒன்பது வினாடி.

இடது பக்கமாக ஏன் என்று கேட்பீர்கள். விசிறி வலப்புறமாகச் சுழல்கிறது. அதன் எதிர் விசையில் உடல் இடப்புறம் சாய்கிறது. ஆகையால் இந்த ஜாதி விமானங்களை இடப்புறமே வட்டமிட விடுவது வழக்கம். தேர் மூலை திரும்பும்போது கவனித்திருப்பீர்கள்: வெளிச் சக்கரம் வெகு தூரம் ஓட, உட்சக்கரம் கொஞ்ச தூரமே நகரும். இறக்கையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் இடது இறக்கை மெதுவாய்ப் போவதால் தாங்கும் சக்தி குறைகிறது. அதை ஈடு செய்ய இடது பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் நீட்டி வைத்திருந்தோம்.

சிறிய இறக்கையை மாட்டினோம். சர்ரென்று பாய்ந்து, ஏழே வினாடியில் ஒரு தூணில் மோதியது. பையன் கண்ணை மூடிக் கொண்டான். திறந்து பார்த்தால் உடல் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம்; இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. அரை நிமிஷத்தில் மறுபடி மாட்டிவிட்டான். அன்று சாயங்காலம் அந்தத் தூணில் இன்னும் நாலு தடவை மோதியது. அவன் அப்புறம் கண்ணை மூடவில்லை.

பெரிய இறக்கைதான் மாயம். மனிதர் நடக்கிற வேகத்தில், அவசரமே இல்லாமல் மிதந்தது. பதினாறு வினாடி! "பெனோ போயாச்சு, மாமா!" என்று கத்தினான்.

அப்படியானால் உலகத்தில் இந்த வித்தையின் எல்லை எது? சர்வதேசப் போட்டிகளில் விடுகிற உள்ளரங்க விமானம் 55 சென்டிமீட்டர் இறக்கையோடு 1.4 கிராம் எடை வரைக்கும் குறையலாம். நம் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதிகூட இல்லை. ரப்பர் 0.4 கிராம்தான். அது இருபது நிமிஷத்துக்கு மேல் பறக்கிறது! விசிறியின் சுற்றை நின்று எண்ணலாம், அத்தனை நிதானம். ருமேனியாவில் ஸ்லானிக் என்ற ஊரில், பூமிக்கடியில் பழைய உப்புச் சுரங்கத்தின் பிரம்மாண்டமான கூடத்தில் இந்தப் போட்டி பல முறை நடந்திருக்கிறது. அந்த வீரர்களும் இறக்கையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துத்தான் தேசம் விட்டுத் தேசம் போகிறார்கள். காலும் காகிதக் குழாயும்தான் அவர்களுக்கும் பூட்டு.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. பையன் முறிந்த விமானத்தோடு இறங்கிய தாம்பரத்தைத் தாண்டிக் கொஞ்சம் போனால் குரோம்பேட்டை. 1949-ல் சி. ராஜம் அங்கே தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியில், ஓய்வு பெற்ற இரண்டு விமானங்களைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். ராமேசுவரத்திலிருந்து வந்த ஒரு மாணவர் அவற்றின் பக்கத்திலேயே வெகு நேரம் உட்கார்ந்திருப்பார். விமானப் படிப்பை எடுத்ததற்கு அதுவே காரணம் என்று பிற்பாடு எழுதினார். அவர்தான் அப்துல் கலாம். நம் விமானத்தை நாமே செய்வோம் என்று அவர் தமிழில் எழுதிய கட்டுரை, கல்லூரித் தமிழ்ச் சங்கப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. பரிசைக் கையில் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். பத்திரிகைக்காரனாகிய எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

கடைசியாக ஒரு தரம், ரப்பரை மிச்சமில்லாமல் முறுக்கி, பெரிய இறக்கையோடு விட்டான். வட்டம் வட்டமாக ஏறியது. ஏறியது, ஏறியது, மண்டபத்தின் சரவிளக்கில் போய் மாட்டிக் கொண்டது. ஒரு குலுங்கல், இறக்கை மட்டும் கழன்று, அரச இலை மாதிரி ஆடி ஆடிக் கீழே வந்தது. உடல் மேலேயே தங்கிவிட்டது.

மானேஜர் அண்ணாந்து பார்த்தார். "இனிமேல் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு விளக்குத் துடைக்க ஆள் வரும். அப்போதுதான் எடுக்க முடியும், சார்" என்றார்.

நான் பையனைப் பார்க்கப் பயந்தேன். அவனோ இறக்கையை ஊதித் தூசி தட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டிருந்தான். "உடம்புதானே மாமா? ஒரு குச்சிதான். சேணத்தை ஜிக்கில் வைத்து ஒட்டிவிட்டால் மூன்று இறக்கையும் அதற்கே பொருந்துமே."

இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்து புது உடலைச் செய்தான். மறுநாள் ஞாயிறு. காலையில் அத்தான் இரவு ஷிப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையோடு, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மண்டபத்துக்கே வந்துவிட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தது. சரவிளக்கில் தொங்குவதைப் பார்த்துச் சிரித்தார். பெரிய இறக்கை புது உடலில் டக்கென்று உட்கார்ந்ததைத் தொட்டுப் பார்த்தார். இந்த முறை ரப்பரைக் கொஞ்சம் குறைத்தே முறுக்கினோம்.

"அப்பா, நீங்கள் நேரம் பாருங்கள்" என்று பையன் செல்போனை அவர் கையில் கொடுத்து, பொத்தானைக் காட்டினான். விமானத்தை விட்டான். அது நாற்காலிகளுக்கு மேலே ஒரு வட்டம், மணமேடைக்கு மேலே ஒரு வட்டம், எங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, அத்தானின் காலடியிலேயே வந்து உட்கார்ந்தது.

"எத்தனை வினாடி அப்பா?"

அத்தான் செல்போனைப் பார்த்தார். அதில் சைபர் இருந்தது. பொத்தானை அவர் அழுத்தவே இல்லை.

"இன்னொரு தடவை விடுடா" என்றார்.